ஓரகத்தியும் சந்தாத் திட்டங்களும்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுத்தரும் ஒரு செயலிக்காக, வலங்கைமான் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலகம் சென்னையில். சந்தாத் திட்டங்கள் என் பொறுப்பு. மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா, குடும்பச் சந்தா என ஒவ்வொன்றுக்கும் நாட்டுக்கு நாடு வேறு விலை. பண்டிகைத் தள்ளுபடி வந்தால் ஆப் ஸ்டோர் தளத்தில் ஒவ்வொரு நாடாகத் திறந்து, விலையை மாற்றி, சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் கீழே இறங்கவே முடியாது. அத்தை காபியை மேலே கொண்டுவந்து வைத்து, "இவ இல்லேன்னா அந்தக் கம்பெனியே நின்னுடும் போல" என்பார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

என் கொழுந்தன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் மனைவி, என் ஓரகத்தி, எங்களோடு இருக்கிறாள். படித்தவள் சும்மா இருக்கிறாளே என்று அதே அலுவலகத்தில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு மென்பொருள் கருவியைப் பற்றிப் படித்து, அதை எங்கள் ஸ்டோர் கணக்கோடு இணைத்துவிட்டாள். எல்லாத் திட்டங்களையும் விலைகளையும் ஒரே ஷீட்டில் எழுதி ஓட்டினால், அதுவே ஸ்டோரில் ஏற்றிவிடும். வீடியோ மீட்டிங்கில் அவள் ஓட்டிக் காட்டியபோது எங்கள் மேலாளர் சிரித்தார். "இவ்வளவு நாளா இதையா கையால பண்ணிட்டிருந்தோம்?"

'பண்ணிட்டிருந்தோம்' என்றுதான் சொன்னார். எனக்கு மட்டும் 'பண்ணிட்டிருந்தீங்க' என்று கேட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்வது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஈரத்துண்டை நாற்காலியில் போடுகிறாள் என்றேன். ரசத்தில் புளி தூக்கல் என்றேன். அவள் அறையில் நெட் நின்றுபோனால் உள்ளுக்குள் குளிர்ந்தது. "சின்னவ மூளைக்காரி" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட அன்று, தலைவலி என்று படுத்துவிட்டேன்.

மார்கழியில் அவள் வேதாரண்யத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன இடத்தில் புயல் மழை, மின்சாரம் இல்லை. பொங்கல் தள்ளுபடி ஏற்றவேண்டிய காலை போன் செய்தாள்.

"அக்கா, இங்க கரண்ட் இல்ல. நீங்களே ஓட்டிடுங்க. ஷீட் ரெடியா இருக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"தெரியாட்டி என்னக்கா, நான் சொல்றேன்."

சொன்னாள். செய்தேன். திரையில் நாடுகளின் பெயர்கள் சரசரவென்று ஓடி நின்றன. காபி இன்னும் சூடாகவே இருந்தது.

எங்காவது தப்பியிருக்கும் என்று ஸ்டோர் தளத்தைத் திறந்தேன். கனடா, மலேசியா, பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய சந்தாதாரர்களுக்குப் பழைய விலையே நிற்கிறதா என்றும் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை இரண்டு தடவை கூப்பிட்டார். ஒரு தப்பு கிடைத்திருந்தால் ஓடிப்போய்ச் சாப்பிட்டிருப்பேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் மறுபடி பேசினாள்.

"எல்லாம் ஏறிடுச்சாக்கா?"

"ஏறிடுச்சு. பார்த்துட்டேன்."

"எல்லா நாட்டையுமா?" சிரித்தாள். "நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும். எந்தத் திட்டத்துக்கு என்ன பேரு, எந்த நாட்டுக்கு எவ்வளவுன்னு நீங்க வச்சிருந்ததைத்தான் அப்படியே ஷீட்ல போட்டேன். மேனேஜர்கிட்டயும் அதைச் சொல்லிட்டேன்."

என்னைப் பற்றி அவள் நல்லதாகச் சொல்லியிருக்கிறாள் என்பது ஆறுதலாக இல்லை. கெட்டிக்காரியாக மட்டும் இருந்தால் பொறாமைப்பட வசதியாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது.

அவள் ஊர் திரும்பிய மறுநாள் மாடிக்குக் கூப்பிட்டு, "எனக்கும் இதை முழுசா சொல்லிக் குடு" என்றேன். அந்த வார்த்தைகள் எளிதில் வாயை விட்டு வரவில்லை. அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமையும் எனக்கு எரிச்சலூட்டியது.

இப்போது இருவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். அவள் ஓட்டும் நாட்களில், வேறு வேலை இருந்தாலும், நான் எழுந்துபோய் அவள் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.