ஜெர்மனிக்குப் போய் வந்த மைக்

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தேன். அங்கே அதிகம் பாடியவள் என் மனைவிதான். அவளுடைய முருகன் பாடல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, எங்கள் பழைய ஜெர்மன் மைக் கரகரக்க ஆரம்பித்தது. கோலாலம்பூரில் யாரும் அதைத் திறந்து பார்க்கத் துணியவில்லை. தயாரித்த கம்பெனிக்கே அனுப்பி வைத்தேன்.

"மீதியை வேற மைக்குல பாடிடு லா," என்றேன்.

"வேணாங்க. அதுல கேட்டா என் குரல் மாதிரியே இல்ல. வரட்டும், வெயிட் பண்ணலாம்."

மைக் வருவதற்குள் அவள் தொண்டையில் கட்டி என்றார்கள். அறுவைச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் குரல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும்தான் வந்தது.

மைக் புதிதுபோலத் திரும்பி வந்தது. தானே சோதித்துப் பார்ப்பதாகச் சைகை காட்டிவிட்டு உள்ளே போய் அதன் முன் நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கரகரப்பே இல்லை. அவள் மூச்சை இழுப்பதும் உதடு பிரிவதும் காதருகே கேட்டன. பாட்டின் முதல் வரியை வெறும் காற்றாகவே சொல்லி முடித்தாள்.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள். அதுவும் காற்றுதான்.

தலையாட்டினேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டேப் மிஷின் பக்கம் குனிந்துகொண்டேன்.

மீதிப் பாடல்களைக் கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் பாடினாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டாள். இரண்டாவது பாட்டின் நடுவில் எழுந்து கீழே போனாள். பிறகு அவள் அந்த மாடிக்கு ஏறி வரவே இல்லை.