தாரணி அழித்து அழித்துப் பேசிய பாடம்

முட்டைக்கோஸ் வாசம் அடிக்கும் லோரிக்குள் உட்கார்ந்துதான் என் முதல் ஆன்லைன் பாடத்தைப் பதிவு செய்தேன்.

கோவிட் வந்து பள்ளிகளை மூடியிருந்த நேரம். மலை மேல் ரிங்லெட் ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை நான். வீட்டிலோ தகரக் கூரை. மழை பிடித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அதனால் என் வீட்டுக்காரர், கியா பார்ம் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டு வந்ததும், கைப்பேசிக்கு லைன் கிடைக்கும் மேட்டில் லோரியை நிறுத்திக் கொடுப்பார். ஸ்டீயரிங்கில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பிப்பேன்.

அரை மணி நேரம்... மூச்சு விடாமல்.

வாட்சாப் குழுவில் போட்டேன். பெற்றோர்களிடமிருந்து கும்பிடும் கை, பூ, கட்டைவிரல் எல்லாம் வந்தன. பிள்ளைகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆன்லைன் பாடம் தயாரிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அதுவும் ஆன்லைனில்தான். சேர்ந்தேன். ஈப்போவில் இருந்த ஓர் ஆசிரியைதான் சொல்லிக்கொடுத்தார். என் வீடியோவைக் கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா பேசறீங்க டீச்சர். ஆனா இதுல பிள்ளைங்களுக்கு என்ன வேலை?"

வகுப்பில் என்றால் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அடுத்து என்ன சொல்வதென்று தெரியும். லோரிக்குள் முகமே இல்லையே...

கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு விஷயம். வீடியோ டேட்டாவைத் தின்றுவிடும், குரல் போதும். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்தால்தான் பிள்ளை கைக்குக் கைப்பேசி வரும், அதனால் நேரம் குறிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது அவர் சொன்ன இன்னொன்று.

"கேள்வி கேட்டுட்டு நிறுத்திடுங்க. பதிலையும் நீங்களே சொல்லிடாதீங்க லா."

சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாது. பழக்கினேன்.

அப்படித் தயாரித்த முதல் பாடத்தில் கேட்டேன்: "வாசல்ல நின்னு பாருங்க. என்ன தெரியுது? எனக்குச் சொல்லுங்க."

சாயங்காலம் ஒவ்வொன்றாகக் குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. ஒன்றில் நாய் குரைத்தது. ஒன்றில் யாரோ குழம்புக்குத் தாளித்தார்கள். ஒன்று மட்டும் வெறும் மூச்சோடு தொடங்கியது. பிறகு...

"டீச்சர்... பனி வந்து எதுத்த லயத்து வீடுங்கள மூடிடுச்சி. சேவல் கத்துது. எங்க இருக்குன்னுதான் தெரியல."

யார் குரல் இது? எண்ணைப் பார்த்தேன். செல்வியுடையது. தாரணியின் அம்மா.

தாரணிக்குத் திக்குவாய். சொல் தொண்டையில் நிற்கும்போது மற்ற பிள்ளைகள் சிரித்ததில், வகுப்பில் பேசுவதையே விட்டிருந்தாள். பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள்.

உடனே செல்விக்குப் போன் அடித்தேன்.

"இவ்ளோ நேரமும் போன எடுத்துக்கிட்டு பொறத்தால பைப்படியில நின்னா டீச்சர். பேசறா, அழிக்கறா, மறுபடி பேசறா. சோறு ஆறிப்போச்சி, வரமாட்டேன்னுட்டா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவ இவ்ளோ பேசி நானே கேட்டதில்ல டீச்சர்."

அன்றிலிருந்து என் ஒவ்வொரு பாடத்திலும் அழித்து அழித்துப் பேச ஓர் இடம் வைத்தேன். எல்லாருக்கும்தான். ஆனால் அதைத் தாரணியை நினைத்துத்தான் வைத்தேன்.

பள்ளி திறந்தது. முகக்கவரிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்த நாள்கள். ஆசையாகத் தாரணியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனையும் கைப்பேசியோடு முடிந்துவிட்டதா?

மணி அடித்ததும் என் மேசைக்கு வந்தாள்.

"போ... போன்ல பேசட்டா டீச்சர்?"

கொடுத்தேன். திடலின் கடைசிவரை நடந்து, தேயிலைச் செடி தொடங்கும் வேலியோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். வெகுநேரம் கழித்து வந்து கைப்பேசியை நீட்டினாள். மறுநாள் அவள் பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

அப்புறம் வேலியோரம் போனவள் நடைபாதையோடு நின்றாள். நடைபாதை வகுப்பு வாசலானது. ஒருநாள் தன் இடத்திலேயே கைப்பேசியை வாயருகே வைத்துப் பேசினாள். நடுவில் ஒரு சொல் சிக்கியது. வகுப்பு காத்திருந்தது. பேசி முடித்தாள். வாங்கிப் பார்த்தால் பதிவே இல்லை.

"என்னம்மா, பட்டன அமுக்கலயா?"

"ம... மறந்துட்டேன் டீச்சர்."

இப்போது நானே ஆசிரியர்களுக்கு ஆன்லைன் பயிற்சி நடத்துகிறேன். தோட்டத்துக்கே நல்ல லைன் வந்துவிட்டது. நல்ல மைக், அழகான ஸ்லைடுகள், சத்தத்தை வடிகட்டும் மென்பொருள் எல்லாம் உண்டு. குறையொன்றும் இல்லை. ஆனாலும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெயர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, கொழுந்துக் கூடைகள் வீடு திரும்பியதும் ஒவ்வொன்றாக வந்து விழுந்த அந்தக் குரல்கள் நினைவுக்கு வரும். அந்தப் பயமும் தவிப்பும் திரும்ப வேண்டாம். அந்தச் சாயங்காலங்கள் மட்டும்...

போன வாரம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் தாரணியைப் பார்த்தேன். இடைநிலைப் பள்ளிச் சீருடை. தோழிகள் நடுவே கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சிக்கியது. அவர்கள் காத்திருந்தார்கள். அவள் தொடர்ந்தாள்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"டீச்சர்! நல்லா இருக்கீங்களா? ப... பஸ்ஸு வந்துடுச்சி, அப்புறமா பேசறேன்!"

ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் திரும்பி மறையும்வரை நானும் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.