டூவே ஹாய்மாவின் பின்விளக்கு

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஏழு மணியாகியும் இருள் விலகவில்லை. வடமேற்குக் காற்றோடு தூறல்.

அந்நேரத்தில் டோக்கம் நகரின் சுற்றுச்சாலையில், ரொட்டிக் கடை வேன் ஒன்று டூவே ஹாய்மாவின் மிதிவண்டியைப் பின்னாலிருந்து இடித்தது. அவருடைய இடது முழங்கை முறிந்தது.

டூவே எங்கள் ஊர் நூலகத்தின் காவலாளர், வயது ஐம்பத்தெட்டு. ஆண்டுதோறும் நவம்பரில் பாலத்தடியில் நின்று, விளக்கில்லாமல் வருவோரை மறித்து, தம் பெட்டியிலிருந்து விளக்கெடுத்து இலவசமாகப் பொருத்திவிடுவார். விளக்கு இலவசம் என்றாலும் திட்டு உறுதி. ஒருமுறை நானும் வாங்கினேன். "வாத்தியாரே, உங்களுக்கு இருட்டுல கண்ணு தெரியும். எதிர்ல வர்றவனுக்கு உங்களத் தெரியணுமே!" அன்று என் முதல் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன்.

விழுந்து கிடந்த வண்டியில் சிவப்புப் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்ததைக் காவல்துறையினர் கண்டு குறித்துக்கொண்டனர். வேனை ஓட்டிய மாரித் என்ற பெண்ணோ, "எனக்கு வெளிச்சமே தெரியல" என்று அழுதாள். யாரும் நம்பவில்லை. பிழை அவளுடையது என்று முடிவானால் உரிமம் பறிபோகும். உரிமம் போனால் வேலையும் போகும்.

கைக்கட்டோடு வீடு திரும்பிய டூவேக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், சன்னல் திரையை விலக்கினார், மூடினார்.

"எதுக்கு குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கிட்டே இருக்க?" என்றார் மனைவி ரின்ஸ்கே.

"கை வலிக்குது."

"முறிஞ்சது கைதான? காலு ஏன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது?"

ஞாயிற்றுக்கிழமை மாலை இருட்டியதும் டூவே, நெளிந்த சக்கரத்தோடு திரும்பியிருந்த வண்டியைக் கொட்டகையிலிருந்து உருட்டி வந்தார். விளக்கைப் போட்டார். விபத்தன்று அணிந்திருந்த மழையங்கியை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"ரின்ஸ்கே, பின்னால பத்தடி தள்ளி நின்னு பாரு. என்ன தெரியுது?"

"உன் முதுகு தெரியுது. அதுவும் பாதிதான்."

அங்கியின் பின்விளிம்பு, பொருள் வைக்கும் கேரியரைத் தாண்டித் தொங்கி விளக்கை முழுவதும் மறைத்திருந்தது. ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தாலும் அது புலப்படாது. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்பதே சட்டம். அதைப் பாலத்தடியில் பாதி ஊருக்கு ஒப்பித்தவர் அவர்தாம்.

ரின்ஸ்கே அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "பேசாம இரு டூவே. வெளக்கு எரிஞ்சுதுன்னு போலீஸே எழுதியாச்சு."

"அந்தப் பொண்ணு பொய் சொல்லல."

"ஊரு சிரிக்கும். இனிமே அந்தப் பாலத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப?"

"அதைத்தான் மூணு நாளா யோசிக்கிறேன்."

அன்றிரவு அவர் உறங்கவேயில்லை என்று ரின்ஸ்கே பின்னர் என்னிடம் கூறினார். படுக்கையில் புரண்டார், இரண்டு முறை எழுந்து மாடிப்படி இறங்கி ஏறினார்.

திங்கட்கிழமை காலை காவல் அதிகாரி படிவத்துடன் வந்தார். ரின்ஸ்கே அவருக்குக் காப்பி ஊற்றினார்.

"வெளக்கு எரிஞ்சுது, அத எழுதிட்டேன்" என்றார் அதிகாரி. "இன்னும் ஒரே கேள்விதாங்க. பின்னால வந்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. என் மழையங்கி அதை மூடியிருந்துச்சு."