தொண்டைக்குள் நின்றுபோன எழுத்து

அன்பானவர்களே, என் கஷ்டத்தைக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் இல்லை, விபத்து இல்லை. எனக்கு ஓர் எழுத்து வாயில் வரவில்லை. அதுவும் தமிழ் எழுத்து இல்லை, அரபி எழுத்து. அந்த ஒன்றால் வேலை போகிற நிலைக்கு வந்து, ஆண்டவரோடு சண்டை போட்டு, இனிமேல் ஜெபமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனேன். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து நின்றால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பொழிச்சலூரில் இருக்கிறோம். தாம்பரம் வேளச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தேன். போன வருஷம் அந்தப் பிரிவையே வெளி கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓமன், ஏமன் என்று அரபு நாடுகளிலிருந்து நோயாளிகள் நிறைய வருவார்கள். "அரபி பேசக் கத்துக்கிட்டா அந்த டெஸ்க்ல போடறோம், ஆறு மாசம் பார்ப்போம்" என்றார் மேலாளர் மேடம். என் கணவர் ஜெயசீலன் வேலை செய்த பல்லாவரம் ஒர்க்‌ஷாப்பை அப்போதுதான் மூடியிருந்தார்கள். மகள் பிளஸ் டூ. எனக்கு வேறு வழி இல்லை. சரி என்றேன்.

ஆன்லைனில் வகுப்பு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மஸ்கட்டில் ரொம்ப காலம் இருந்துவிட்டு வந்தவர். வார்த்தைகள் எனக்குச் சீக்கிரம் பிடித்துவிட்டன. வலி, மாத்திரை, ஊசி, மூச்சை இழுங்க, படுங்க, எல்லாம் வந்தது. தொண்டை எழுத்துகள்தான் என் உயிரை வாங்கின. ஹா என்று ஒன்று. நம்முடைய ஹ இல்லை. மூக்குக்கண்ணாடியை ஊதித் துடைப்போமே, அந்தக் காற்றைத் தொண்டை நடுவிலிருந்து நெருக்கிக் கொண்டுவர வேண்டும். அது அரைகுறையாகவாவது வந்தது. ஐன் என்று இன்னொன்று. அது அதைவிடப் பொல்லாதது. தொண்டையை யாரோ உள்ளே இருந்து பிடித்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் சொன்னால் வெறும் 'அ' வரும். அழுத்திச் சொன்னால் இருமல் வரும். இன்னும் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும். அந்த எழுத்து மட்டும் வராது.

வீட்டில் பயிற்சி செய்யக் கூச்சமாக இருந்தது. எங்கள் தலைக்கு மேலேதான் பிளேன் இறங்கும். அது வருகிற சத்தம் கேட்டதும் அடுக்களை ஜன்னல் பக்கம் போய், அது போய் முடிகிறவரை தொண்டையைக் கிழித்துக்கொள்வேன். ஒருநாள் பிளேன் சீக்கிரம் போய்விட்டது, நான் நிறுத்தவில்லை. மாடி வீட்டு லோகு அக்கா இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா ஸ்டெல்லா, காலைலயே வாந்தி எடுத்துக்கினு கீற? விசேஷமா?"

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இல்லைக்கா, அரபி படிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார். ஜெயசீலன் சிரித்து உருண்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு ரெண்டு நாள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இதைவிட மோசம். நான் ஓமன்காரர்களிடம் அரபியில் வலிக்கிறதா என்று கேட்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் "தோடா தோடா", கொஞ்சம் கொஞ்சம் என்பார்கள். அங்கே நிறையப் பேருக்கு ஹிந்தி தெரியும். ராத்திரி பகலாய்ப் படித்த அரபியில் நான் கேட்க, எனக்குச் சரியாகத் தெரியாத ஹிந்தியில் அவர்கள் பதில் சொல்ல, பக்கத்தில் நிற்கிற நர்ஸ் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். நான்காவது மாசம் மேடம் கூப்பிட்டு, "ஸ்டெல்லா, நீங்க நல்ல ஒர்க்கர்தான். ஆனா பேஷன்ட்ஸ் உங்க அரபி புரியலைன்னு சொல்றாங்க. இப்படியே போனா என்னால உங்களை வைக்க முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே அதிகம் வலித்தது.

ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அரபி எழுத்து வரணும்" என்று பாஸ்டரம்மா வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூட்டம் முடிந்து ஆளாளுக்கு வந்து மோசேயும் திக்குவாய்தானே என்று ஆறுதல் சொன்னீர்கள். நல்ல மனசோடு சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாவது ஆள் வந்து மோசே என்று ஆரம்பித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு நான் செய்த ஜெபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, பெந்தெகொஸ்தே நாளில் வந்தவன் போனவன் எல்லாருக்கும் அவனவன் பாஷை கேட்டதே. அந்தக் கூட்டத்தில் அரபியரும் இருந்தார்களே. படிக்காத மீனவர்கள் வாயில் அத்தனை பாஷையை வைத்தீர், எனக்கு ஒரே ஓர் எழுத்து கொடுக்க உமக்கு மனசு வரவில்லையா? மோசேக்காவது அவருக்காகப் பேச அண்ணன் ஆரோனைக் கொடுத்தீர். எனக்கு யாரைக் கொடுத்தீர்?" முழங்காலில் நின்றுகூடக் கேட்கவில்லை. சிக்னலில் நின்றுகொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளே கேட்டேன்.  பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நோயாளியை ஒப்படைத்தார்கள். ஓமனிலிருந்து வந்த ஓர் அம்மா. ஐம்பது தாண்டியிருக்கும். தைராய்டு கட்டி கழுத்தில் பெரிதாக வளர்ந்து, குரல் நரம்பையும் சுற்றியிருந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, ஆனால் குரல் காற்றாகப் போய்விட்டது. நரம்பு களைத்திருக்கிறது, தினமும் பேசிப் பயிற்சி செய்தால் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவோ வாயே திறக்கவில்லை. கூடவே வந்திருந்த மகன் அரைகுறை ஆங்கிலத்தில் காரணம் சொன்னார். ஆபரேஷன் ஆன மறுநாள் வீடியோவில் பேரப்பிள்ளையோடு பேசியிருக்கிறார். குழந்தை பயந்துபோய், இது பாட்டி இல்லை என்று அழுதிருக்கிறது. அன்றைக்கு மூடின வாய்.

மகன் பெயர் ஸஈத். பெயர் நடுவில் அந்த ஐன் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் ஊரில் தாயை மூத்த மகன் பெயரோடுதான் கூப்பிடுவார்கள், உம்மு ஸஈத் என்று. ஸஈதின் அம்மா. என் வாயில் அது உம்மு சயீத். தினமும் காலையில் போய் "சபாஹ் அல் கைர், உம்மு சயீத்" என்பேன். காலை வணக்கத்திலும் ஒரு ஹா இருக்கிறது, அதையும் கெடுப்பேன். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனையோ பேரில் எனக்கு இவர்தானா கிடைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் பொருமினேன். பேச வராதவளிடம் பேசாதவரைக் கொடுத்துவிட்டாரே என்று ஆண்டவர் மேல் இன்னும் கோபம். அவர்கள் ஊர் திரும்புகிற நாளும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டம் மறுநாள். குரல் பயிற்சி கொடுக்கிற பெண் அன்றைக்கு லீவு. "பயிற்சித் தாளைப் பார்த்து நீங்களே செய்ய வைங்க" என்று என்னை அனுப்பினார்கள். ஆ என்று நீட்டிச் சொல்லணும். சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே சத்தம் எழுப்பணும். நான் செய்து காட்டினேன். உம்மு ஸஈத் அசையவில்லை. மறுபடி காட்டினேன். முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. சரி, நீங்கள் செய்யாவிட்டால் போங்கள், நான் செய்கிறேன் என்று சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வாயில் வந்த வார்த்தையைச் சொல்லித் தள்ள ஆரம்பித்தேன். வாயில் வந்தது அந்தப் பெயர்தான். சயீத். சயீத். சயீத். தொண்டை கமறியது. இருமினேன். மறுபடி சயீத். கண்ணெல்லாம் தண்ணீர். ஒரு கட்டத்தில் சுவரைக் கையால் அடித்துவிட்டு, "போதும்ப்பா ஆண்டவரே! இந்த எழுத்தை நீரே வச்சுக்கும்! எனக்கு வேணாம்!" என்று தமிழில் கத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய கதவைத் தரையில் இழுக்கிற மாதிரி.

"லா."

இல்லை என்று அர்த்தம். திரும்பினேன். உம்மு ஸஈத் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அவ்வளவு கோபம். தன் பிள்ளையின் பெயரை ஒருத்தி சுவரில் போட்டு அடித்துக்கொண்டிருப்பதை எந்தத் தாய்தான் பொறுப்பாள்? கை நீட்டி என்னைக் கூப்பிட்டார். என் விரல்களைப் பிடித்துத் தன் கழுத்தில், தையல் தழும்புக்கு மேலே வைத்தார். "ஸ," என்றார். காற்றுதான் வந்தது. கண்ணை மூடி மூச்சு வாங்கினார். என் விரலுக்கு அடியில் தொண்டை ஒருமுறை இறுகி, விட்டது.

"ஸஈத்."

கரகரப்பாக, கிழிந்து, ஆனால் குரலாக வந்தது. நான் சொன்னேன். "லா," என்றார். அவர் சொன்னார், நான் சொன்னேன். "லா." நான் இருமினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பிலும் சத்தம் இருந்தது. இருவரும் மாற்றி மாற்றி அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கேன்டீனிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்த ஸஈத் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தனை நாளில் அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டீக் கோப்பைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்தபடி அழுதார். நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்குப் போகும் நாள்வரை தினமும் அதுதான் நடந்தது. பயிற்சித் தாளை அவர் தொடவே இல்லை. எனக்கு வாத்தியார் வேலைதான் பார்த்தார். நான் தப்பாகச் சொல்லச் சொல்ல அவர் பேசினார், அதட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். குரல் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். என் உச்சரிப்பைத்தான் டாக்டர் என்றேன். கிளம்புவதற்கு முன் பேரப்பிள்ளையோடு பேசினார். இந்தத் தடவை குழந்தை அழவில்லை.

என் வேலை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் அரபியைச் சோதித்தார்கள். ஐன் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அன்றும் வரவில்லை. ஆனால் ஸஈத் யாரும் கூப்பிடாமலே மேடம் அறைக்குள் போய் முந்தின நாள் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஆறு மாசம் கொடுத்தார்கள். அது முடிந்து, இப்போது குரல் பயிற்சிப் பிரிவில் அரபு நோயாளிகளுக்குத் துணையாக நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஓர் எழுத்தைக் கேட்டேன். ஆண்டவர் அதை எனக்குக் கொடுக்காமல், அது வராத என் தொண்டையை எடுத்து இன்னொருத்தருக்கு மருந்தாகக் கொடுத்தார். எனக்கு யாரைக் கொடுத்தீர் என்று கேட்டேனே, கொடுத்துத்தான் இருந்தார். குரல் போன ஓர் ஆரோனை அவர் எனக்குக் கொடுப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆகவே பிரியமானவர்களே, உங்களுக்கு வராத ஒன்று இருந்தால், அது வருகிறவரை ஒளிந்துகொண்டு இருக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். நான் சுவரை அடித்தபோதும் அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ள மாட்டார். ஆனால் தயவுசெய்து யாருக்கும் மோசேயைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள்.

நான் இப்போது பிளேனுக்காகக் காத்திருப்பதில்லை. லோகு அக்காவுக்கும் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் மகன் பெயரை, அந்த ஒரே ஒரு வார்த்தையை, போனில் பேசிப் பதிவு செய்து உம்மு ஸஈதுக்கு அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் ஓமனிலிருந்து பதில் வரும். போன வாரமும் வந்தது. கணீரென்று, முழுக் குரலில், ஒரே வார்த்தை.

"லா."

ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.