'நோ' என்று மாற்றியது நான்தான்

மலேசியாவின் கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லேபிள் அடிக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. தினமும் காலையில் அதைத் திறந்தால் நெட்வொர்க் தானாக வராது. "அண்ணே, நெட் இல்லலா" என்று கூப்பிடுவார்கள். நான் போய் ஒரு வரி கமாண்ட் தட்டினால் வந்துவிடும். தானாக வரவைக்க நான் வழி தேடவே இல்லை. தேட மனமில்லை.

பாக்கார் ஆராங் ஊரிலிருந்து புதிதாக வந்த டெக்னீஷியன் கவிதா, செட்டிங் ஃபைலில் தானாக இணைவதற்கு 'நோ' என்றிருந்ததை 'யெஸ்' ஆக்கினாள். மறுநாள் கம்ப்யூட்டர் தானே இணைந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கேன்டீனில் எல்லோரும் அவளையே புகழ, நான் மீ கோரெங் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை, கம்பெனி பஸ் ஏறுமுன் அதைத் திரும்ப 'நோ' ஆக்கினேன்.

காலையில் லேபிள் வராமல் உற்பத்தி லைன் நின்றது. இந்த முறை அவளைத்தான் கூப்பிட்டார்கள். யார் கடைசியாக மாற்றியது என்று அவள் தேட, திரையில் என் பெயர் வந்தது. நான் அவள் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"என்னமா ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"நான்தான் சரியா சேவ் பண்ணல, சார்" என்றாள் கவிதா.

அவர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பாஸ்வர்ட் மாத்திடுங்க. உங்க பேர்ல யாரோ உள்ள வந்திருக்காங்க." யாரென்று அவளுக்குத் தெரியும்.

அவள் திறமைமேல் இருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அந்தப் பொய்யை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாளே, அந்த மனசுமேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை.