சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்

என் வீட்டுக்காரருக்குக் காது போய்க்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பிக்கப் வண்டிக்குள் ஆம்ப்ளிஃபையர் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தோம். காது போகிறது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. இதை எழுதும்போது சிரிப்பாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் பிழைப்பு. இந்த மராத்திச் சீமையில், ஹிஞ்சேவாடிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் வாடகை ஏறினால் ஒரு வீடு, குழந்தை பிறந்தால் ஒரு வீடு என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். கட்டில் பீரோவைக் கட்ட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். சமையலறையையும் சாமி அலமாரியையும் முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகள் தொடுவதற்கு மட்டும் நம் பெண்களுக்கு மனசு வராது. அதனால் அது இரண்டும் என் வேலை. புது வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தை லோடில் ஏற்ற விடமாட்டார்கள். அது என் மடியில்தான் வரும். அவர் வண்டி ஓட்டுவார், கயிறு கட்டுவார். பேச்சுவார்த்தை எல்லாம் நான்.

பேச்சு ஏன் என்னிடம் வந்தது என்றால், அவருக்குப் பாஷை வராது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அதற்கு முன் அவர் சாகண் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை மெஷின் அறைந்துகொண்டே இருக்கும் இடம். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சு போன்ற அடைப்பானைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். போட்டுக்கொண்டால் சூப்பர்வைசர் திட்டுவது கேட்காதாம், அதற்கும் சேர்த்துத் திட்டு விழுமாம். அங்கே ஆரம்பித்ததுதான், என்ன என்று ஹிந்தியில் கேட்கும் இந்த "க்யா?" யார் என்ன சொன்னாலும் ஒரு "க்யா?" செக்யூரிட்டி கேட்டால் "க்யா?", அடுக்குமாடி சொசைட்டியின் செயலாளர் கேட்டால் "க்யா?" கோயமுத்தூரிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் மராத்தியும் ஏறவில்லை, ஹிந்தியும் ஏறவில்லை என்று வீட்டில் கேலி செய்வோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். "நமக்கு மண்டை அவ்வளவுதான் அம்மிணி" என்பார்.

எங்கள் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் பாதி ஹிந்தி, மீதி முனகல். அவள் சொல்வதும் அவருக்குப் பிடிபடாது. அங்கே மட்டும் குற்றத்தை அவள் தலையில் போட்டோம். "அப்பாகிட்ட ஒழுங்காத் தமிழ்ல பேசு சாமி" என்று நானே எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அவளும் முயற்சி செய்து பார்த்தாள். பிறகு அவரிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லப் பழகிவிட்டாள்.

வண்டியில் அவருக்குப் பாட்டு வேண்டும். பழைய தமிழ்ப் பாட்டு. அதுதான் சில மாதங்களாக அவருக்குச் சரிப்படவில்லை. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்றார், மாற்றினோம். புது ஸ்பீக்கரும் தண்டம் என்றார். ஆம்ப்ளிஃபையர் போட்டால்தான் சத்தம் ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிம்ப்ரிக் கடைவீதியில் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கறுப்பாக, தடிமனாக, ஒரு பெரிய எவர்சில்வர் டிபன் டப்பா நீளத்துக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நாம ரெண்டு பேரு உக்காரவே இதுல எடமில்ல. இத எங்க வெக்கப் போறீங்க? என்ற தலைமேலயா?"

"உன்ற மடியில வெச்சுக்க அம்மிணி. சூடாகுமாம். மார்கழிக்கு நல்லா இருக்கும்."

தேட ஆரம்பித்தோம். சாமான் ஏற்றுகிற வண்டிக்கு முன்னால் இருப்பது ஒரே வரிசை சீட்டு. அவருடைய இருக்கைக்குக் கீழே ஜாக்கியும் ஸ்பேனரும். என்னுடையதற்குக் கீழே என் பை. பழைய நியூஸ் பேப்பர், டேப், சணல், கத்தி. காலடியில் வைத்தால் மழைக்கு ஒழுகும் தண்ணீர் பட்டுவிடும். காற்று படாத மூலையில் வைத்தால் சூடாகி நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மிஞ்சியது சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள இடுக்கு. அதில் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் சுற்றுகிற பழைய மெத்தை விரிப்புகளைத் திணித்து வைத்திருந்தோம். அவற்றை எடுத்துத் தார்ப்பாயில் சுருட்டி மேலே கேரியரில் கட்டினார். அப்புறமும் ஒரு சாண் போதவில்லை. சீட்டின் முதுகை நிமிர்த்தினால் இடம் கிடைத்தது. ஆனால் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வர வேண்டும். என் இடுப்பு வலி ஊருக்கே தெரிந்தது.

சண்டை போட்டிருப்பேன். ஆனால் அந்த இடுக்குக்குள் கையை விட்டுச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "வண்டியில போறப்ப ரொம்ப வெறிச்சுனு இருக்குது அம்மிணி. பாட்டாவது இருக்கட்டும்" என்றார். எதையும் வாய் விட்டுக் கேட்கிற மனிதர் இல்லை அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டுதானே வருகிறேன், இவருக்கு என்ன வெறிச்சு என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது. சரி, நிமிர்த்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பிம்ப்ரியில் ஒரு சாயங்காலம் கடைக்காரர் அதைப் பொருத்தி முடித்தார். எங்களுடைய பாட்டையே போட்டுக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவர் முணுமுணுக்கும் பாட்டு அது. அந்த ரோட்டில் அப்படியொரு தமிழ்ப் பாட்டு அதற்கு முன் கேட்டிருக்காது. டூவீலரில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக் கதவு அதிர்ந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்தியும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக உள்ளே வந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் வெக்கச் சொல்லு" என்றார்.

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் வைத்தார். பிறகு கையை விரித்து, "பஸ், பாவூ", அவ்வளவுதான் அண்ணா என்றார். இவர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"தடதடன்னு நெஞ்சுல வந்து அடிக்குது அம்மிணி. ஆனா என்ன பாடறாங்கன்னே தெரியல."

மராத்தி இல்லை. ஹிந்தி இல்லை. எங்கள் மகளின் அரைகுறைப் பேச்சும் இல்லை. தமிழ். அவருக்கு மனப்பாடமான தமிழ். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் கேலி செய்தது எதை என்று புரிந்தது.

கடைக்காரர் ஒயரிங்கில் கோளாறு என்று நினைத்துச் சீட்டை மறுபடியும் சாய்த்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். வேறு ஸ்பீக்கர் மாட்டிப் பார்க்கலாமா வஹினி, அதாவது அண்ணி, என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் மராத்தியில் சொன்னேன்.

திரும்பி வரும்போது அவரே பாட்டை நிறுத்திவிட்டார். சிக்னலில் வண்டி நின்றதும் அவருடைய கையைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா?"

உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "உன்ற பேச்சுக்குக் காது எதுக்கு அம்மிணி? நீ எந்த எடத்துல என்ன சொல்லுவீன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். மெதுவாகப் போங்கள், முன்னால் பஸ் நிற்கிறது, தக்காளி தீர்ந்துவிட்டது. வருஷக்கணக்காக நான் பேசியது இவ்வளவுதான். அத்தனைக்கும் சரியான இடத்தில் சரியான பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நானும் கேட்கிறார் என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தார். இப்போது அவர் கண் ரோட்டில் இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் பேசுகிற குரலில், அந்த சீட்டில் உட்கார்ந்து அதுவரை அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"ம்" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "மார்க்கெட் வழியாத்தான் போறேன். தக்காளி வாங்கிக்கலாம்."