தொரைக்கு என்ன சீக்கு?

காரணமே தெரியாத ஒரு துன்பம் வந்தால் யாரைக் கோபித்துக்கொள்வது? கண்டி மார்க்கட்டில் பழம் விற்கும் பேச்சியம்மாவுக்கு இதில் குழப்பமில்லை. முன்னால் நிற்பவரைத்தான்.

“அமுக்காதீங்க! அது பழமா, ஒங்க வீட்டுத் தலகாணியா?” என்று ஒருவரிடம் சீறிக்கொண்டே பப்பாசித் துண்டொன்றைக் கூண்டுக்குள் நீட்டுவாள். கிளி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு தன் மார்பிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, அவள் பார்க்கும்படியாகவே கீழே போடும்.

கிளியின் பெயர் தொரை. பேச்சியம்மா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நெஞ்சை நிமிர்த்தி, குறுக்கும் நெடுக்கும் நடந்து, எதிலும் குறை காணும் பிராணிக்கு, தோட்ட அதிகாரியை அழைக்கும் அந்தச் சொல்லைத் தவிர வேறு பெயர் அவளுக்குத் தோன்றவில்லை. சென்ற வருடம் அந்த நெஞ்சில் இறகு போய்ச் சதைதான் தெரிந்தது. இப்படியே விட்டால் மழைக்காலத்தைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் குரல் நாளுக்கு நாள் உயர்ந்தது.

பக்கத்துக் கருவாட்டுக் கடை ஹபீல், “கண்ணூறு பட்டீக்கி அக்கா. ஒரு நூல் கட்டிப் பாருங்களே,” என்றார்.

“ஒங்க கருவாட்டு நாத்தம் பட்டீக்கி,” என்றாள், அவர் மாதிரியே. ஆனாலும் நூல் கட்டினாள். தொரை அதைக் கடித்துத் துண்டாக்கியது.

வாழைப்பழம் வாங்க வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “உதுக்குத் தனிமை, பிள்ளை. ஒரு துணை பிடிச்சு விடும்.”

“நானுந்தான் ஒத்தையில கெடக்கேன். தலமயிரப் புடுங்கிக்கிட்டா நிக்கிறேன்?”

பேராதனையில் ஒரு மிருக வைத்தியர் பொறுமையாகத் தடவிப் பார்த்தார், எச்சத்தைச் சோதித்தார். நோய் எதுவும் தென்படவில்லை, இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார். நல்ல செய்திதான். அவளுக்கோ அது அவமானமாகப் பட்டது. “சீக்கே இல்லாம ஒருத்தன் சாவானா? என்னா டொக்டர் இது?”

விளங்கிக்கொண்டால்தான் அன்பு செய்ய முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. பேச்சியம்மா ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை; திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். கலகெதரயில் தம்பி வீட்டில் கிளியை விட்டுவிட்டு வந்த மறுநாள், அவளிடம் பேரம் பேச எவரும் துணியவில்லை.

அங்கே போன தொரை பப்பாசி தின்றது. இறகு பிடுங்குவதை நிறுத்தியது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. மழை முடியுமுன் தம்பி தொலைபேசியில் சிரித்தான்: “தொர முழுப் பச்சையாயிட்டாரு. வந்து கூட்டிக்கிட்டுப் போங்கக்கா.”

“எங்கிட்ட இருக்கறப்ப மட்டும் அவருக்கு என்னா நோவாம்?” என்று கத்தினாள். கத்திவிட்டுப் போய், பெரிய கூண்டொன்று புதிதாக வாங்கினாள். அது இரண்டு ஆட்களின் இடத்தை அடைக்கிறது என்ற பஸ் கொண்டக்டரோடு வழிநெடுகச் சண்டை.

தம்பி வீட்டுக் கேற்றை அடைந்தபோது, உள்ளே தொரை பிள்ளைகளை அதட்டுவது கேட்டது. குரல் அச்சாக அவளுடையது. தம்பி மனைவி பாப்பம்மா ஓடி வந்தாள். “வாங்க மதினி! ஏன் வெளியவே நிக்கிறீங்க?”

பேச்சியம்மா கிளியின் குரல் வந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். புதுக் கூண்டைக் கேற்றுக்கு மேலாகத் தூக்கிப் பாப்பம்மா கையில் கொடுத்தாள். வீதியைக் கடந்து போய், கண்டி பஸ்ஸுக்குக் கை நீட்டினாள்.